சுதந்தரம், சுயாதீனம், ஒரு விடுதலைப் பத்திரம்

வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேசை. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போனார். சர்வே எண், நான்கெல்லை, பாதைப் பாத்தியம், பனை 43, கிணற்றில் பங்கு. "எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இல்லாமல், நல்ல நினைவோடும் முழு மனதோடும்" என்ற இடம் வந்ததும் இன்னும் வேகமெடுத்தார். ஒரு நாளைக்கு இருபது தடவை வாசிக்கிற வரி அது அவருக்கு. அக்கா அப்போது எதிரே ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "எங்கன போடணும்?"

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. பிறகு உள்ளே போய் இடது கைப் பெருவிரல் ரேகை. அதிகாரி தலையைத் தூக்காமலே "சம்மதந்தானம்மா?" என்றார். "சம்மதம் சார்." மை துடைக்கத் துணி எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாரும் செய்கிற மாதிரி விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். வெளியே வந்து ஹோட்டலில் ரவா தோசை சாப்பிட்டோம். அண்ணன் பில் கொடுத்தான்.

இது நடந்தது 2009இல். நாங்கள் மூன்று பேர்: அண்ணன், அக்கா, நான். அம்மா முன்னமே போய்விட்டாள். அப்பா முந்தின வருஷம் உயில் எழுதாமல் இறந்துபோனார். செம்மணல் தேரியோரமாகக் கிடந்த ஒன்றரை ஏக்கர் பனை விளையில் தனக்கிருந்த மூன்றில் ஒரு பங்கை அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுக்கொடுத்தாள். அந்தப் பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம்.

விடுதலை என்பது எங்கள் சபைக் கன்வென்ஷன் பந்தல்களில் மணலில் உட்கார்ந்து நான் கேட்டு வளர்ந்த சொல். பாவத்திலிருந்து விடுதலை, சாபத்திலிருந்து விடுதலை, கடனிலிருந்து விடுதலை. பத்திர ஆபீசில் அதற்கு வேறு அர்த்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 'இனிமேல் நீ கேட்டு வரக் கூடாது' என்பதன் சுருக்கம் அது.

போன மாதம் எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் 'மனுஷனுக்குச் சுயசித்தம் உண்டா' என்று ஒரு மணிநேரம் வாக்குவாதம். யூடியூபில் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் கால்வினைக் கண்டுபிடித்துவிட்டு வந்திருந்த ஒரு இளைஞன், எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்றான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஏதேன் தோட்டத்து மரத்தைக் காட்டி, விருப்பம் இல்லையென்றால் கட்டளை எதற்கு என்று கேட்டார். இரண்டு பக்கமும் வசனங்கள் பறந்தன. நான் வாயே திறக்கவில்லை. சுயசித்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தப் பெருவிரலும் தலைமுடியும்தான் முன்னால் வருகின்றன.

அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வெகுநாள் இருந்த குழப்பம் இது. எங்கள் பழைய வேதாகமத்தில் 'சுதந்தரம்' என்று அடிக்கடி வரும். கானான் தேசம் இஸ்ரவேலருக்குச் சுதந்தரம். நாம் தேவனுடைய சுதந்தரர், கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர். ஆகஸ்ட் 15க்குக் கொடியேற்றி மிட்டாய் தின்ற வாயோடு அதை வாசித்த எனக்கு, எல்லாம் சுதந்திரம் என்றே பட்டது. ஒரு எழுத்தை அச்சுக்காரர் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், சொன்னார்: அது பரம்பரைச் சொத்தில் வருகிற பங்கு. நாம் சுதந்திரம் என்று சொல்வதற்கு அந்த வேதாகமத்தில் இருக்கிற சொல் சுயாதீனம். கலாத்தியருக்கு எழுதும்போது பவுல், நீங்கள் சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள் என்கிறார். சொன்ன கையோடு, அதை மாம்சத்திற்கு ஏதுவாக வைத்துக்கொள்ளாமல் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்றும் சேர்த்துவிடுகிறார்.

அந்தச் சின்ன வயதுக் குழப்பம் அப்படியொன்றும் அசட்டுத்தனமில்லை என்று இப்போது தோன்றுகிறது. கையில் பங்கு இல்லாதவளிடம் போய் உனக்கு முழுச் சுயாதீனம் இருக்கிறது என்று சொன்னால், அதை அவள் எங்கே வைத்துக்கொள்வாள்?

எங்கள் வீட்டு முன்னறையில், அநேகமாக எங்கள் பக்கத்து எல்லாக் கிறிஸ்தவ வீட்டு முன்னறையிலும், ஒரு பலகை தொங்கும். 'நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்.' யோசுவா 24:15. கிரகப்பிரவேசத்துக்கு யாராவது கொடுத்திருப்பார்கள். அந்த வசனத்தின் முதல் பாதியைப் பலகை செய்கிறவர்கள் போடுவதில்லை. 'யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்' என்பது அந்தப் பாதியில்தான் இருக்கிறது. சீகேமில் கூடியிருந்த இஸ்ரவேல் ஜனங்களை அவர்கள் தலைவன் யோசுவா விரட்டவில்லை. உங்களுக்கு எது இஷ்டமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான்.

ஜனங்கள் உடனே, நாங்களும் கர்த்தரையே சேவிப்போம் என்கிறார்கள். வேறொரு தலைவனாக இருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிக் கூட்டத்தை முடித்திருப்பான். யோசுவாவோ, உங்களால் அவரைச் சேவிக்க முடியாது, அவர் பரிசுத்தமுள்ள தேவன் என்கிறான். தெரிந்துகொள்ளச் சொன்னவனே உன்னால் ஆகாது என்றும் சொல்கிறான். நாலைந்து வசனங்களுக்குள் இரண்டும் வந்துவிடுகின்றன. பின்னால் ஆயிரத்தைந்நூறு வருஷம் வேதபண்டிதர்கள் அடித்துக்கொண்ட சண்டையின் இரண்டு கட்சியும் அந்த ஒரே ஆளின் வாயில் இருக்கின்றன.

அந்தச் சண்டையின் பெரிய ஆள் அகஸ்டின். வட ஆப்பிரிக்காக்காரர். 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் உட்கார்ந்து, பழைய வாழ்க்கையை விடவும் முடியாமல் புதியதைப் பிடிக்கவும் முடியாமல் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டதைப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். அதில் ஒரு கவனிப்பு என்னை விடுவதே இல்லை. மனது கையை அசையச் சொன்னால் கை உடனே அசைகிறது. சொன்னதற்கும் செய்ததற்கும் இடைவெளியே தெரிவதில்லை. அதே மனது தன்னைத்தானே ஒன்றை விரும்பச் சொன்னால் அது கேட்பதில்லை. கை வேறு, மனது அதே மனது, இருந்தும் கை கீழ்ப்படிகிறது, மனது முரண்டு பிடிக்கிறது, இதென்ன விநோதம் என்று கேட்கிறார்.

பதிவு அலுவலகம் சாட்சி வைத்துக்கொள்வது கைக்குத்தான். கை கீழ்ப்படிந்ததா, ரேகை விழுந்ததா, வேலை முடிந்தது.

அகஸ்டின் தேவனிடம், நீர் கட்டளையிடுகிறதை எனக்குத் தாரும், பிறகு உமக்கு வேண்டியதைக் கட்டளையிடும் என்று ஜெபித்திருந்தார். ரோமில் இதைக் கேட்ட பெலாகியுஸ் என்ற துறவிக்குப் பொறுக்கவில்லை. பிரித்தானியாவிலிருந்து வந்தவர், ஒழுக்கசீலர். இப்படி ஜெபித்தால் எல்லாப் பொறுப்பையும் தேவன் தலையில் கட்டிவிட்டுச் சாய்ந்து உட்காரலாமே என்பது அவர் கோபம். மனுஷன் மனது வைத்தால் முடியும். முடியாததைத் தேவன் கேட்கமாட்டார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அவர் பக்கத்தைத் தள்ளிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 1524இல் எராஸ்மஸ் சுயசித்தத்துக்காக ஒரு நூல் எழுத, அடுத்த வருஷமே லூத்தர் மனுஷனுடைய சித்தம் அடிமைப்பட்டது என்று அதைவிடப் பெரிதாகப் பதில் எழுதினார்.

இதில் எங்கள் சபை யார் கட்சி என்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, சுயசித்தத்தைத் தூக்கிப்பிடித்த வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் கால்வின் வழியில் வந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையாரும் ஆங்கிலிக்கர்களோடு ஒரே திருச்சபையாகிவிட்டார்கள். எங்கள் சேகரத்தில் இதனால் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. அசனம் என்ற சபை விருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்பதில்தான் சண்டை.

எனக்குப் பெலாகியுஸ்மேல் ஒரு இரக்கம் உண்டு. ஆனால் என் அனுபவம் அகஸ்டின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 2009க்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை வாசித்திருக்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று சபையோடு சேர்ந்து சொல்லும்போது விளை ஒரு நொடி மனதில் வந்துபோகும். திருவிருந்து எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டால் மறந்துவிடும். எனக்கு விருப்பம் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. இருந்தும் பதினான்கு வருஷம் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சுயசித்தம் என்பதா, அடிமைச் சித்தம் என்பதா?

அதற்கு எங்களிடம் சாக்குகளும் இருந்தன. 'அவளுக்குத்தான் அப்பாவே சீதனம் கொடுத்து, நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டாரே.' 'அவளே மனதாரச் சொன்னாள்.' 'நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் நாம் சும்மா இருப்போமா?' பத்திரம் எழுதும் முன் சித்தப்பா அக்காவிடம் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. "தம்பிமாரு வாசல் ஒனக்கு எப்பவும் தொறந்துருக்கணும்லா" என்றார். அண்ணனையும் சேர்த்துத்தான் தம்பிமார் என்றார். அவர் பேச்சு அப்படி. மிரட்டல் எதுவும் இல்லை. அக்கா சிரித்தாள். "நான் கேட்டா மட்டும் குடுத்துருவியளாக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத்தான் நாங்கள் முழு மனது என்று எழுதி வைத்தோம்.

சட்டத்தில் இந்தச் சாக்குகளுக்கு இடமே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எங்களுக்கு மேற்கே, திருவிதாங்கூரில், 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வேறு மாதிரி. மகனுடைய பங்கில் கால்வாசி, இல்லையென்றால் 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1986இல் சமபங்கு என்று தீர்ப்பு வாங்கினார். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்குக்கே தேவை இருக்கவில்லை. சமபங்கு என்று புத்தகத்திலேயே இருந்தது. அதைத் தாண்டத்தான் விடுதலைப் பத்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சபையின் கதையே ஒரு பெண்ணின் பணத்தில் தொடங்குகிறது. 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். முன்னணியில் நின்றவர் குளோரிந்தாள் என்ற பிராமண விதவை. தன் செலவில் கோவில் கட்டினார். 1785இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த அம்மாளையும் யாராவது நல்ல நினைவோடும் முழு மனதோடும் கையெழுத்துப் போட வைத்திருந்தால், அந்தக் கோவிலை எந்தக் காசில் கட்டியிருப்பார்?

2021இல் விளையை விற்றோம். ரோடு அகலமானதில் விலை ஏறியிருந்தது. 36 லட்சம், ஆளுக்கு 18. அக்காவுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தோம். அவளும் வாங்கிக்கொண்டாள்.

2023இல் ஒரு ஞாயிறு. ஐயர் வேறு சபைக்குப் போக வேண்டியிருந்ததால் ஆராதனை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. சின்னதாக இருக்கிறதே என்று பிலேமோன் நிருபத்தை எடுத்தேன். ஒரே அதிகாரம், 25 வசனம். ஓடிப்போன அடிமை ஒநேசிமு. அவனுடைய எஜமான் பிலேமோன். இரண்டு பேருக்கும் நடுவே சிறையில் இருக்கிற பவுல். கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்று பவுல் ஆரம்பிக்கிறார். ஒநேசிமுவைத் தன்னோடே வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. 14ஆம் வசனத்தை வாசித்தேன். 'நீர் செய்யும் நன்மையைக் கட்டாயத்தினாலல்ல, மனப்பூர்வமாய்ச் செய்யத்தக்கதாக, நான் உம்முடைய சம்மதியில்லாமல் ஒன்றும் செய்ய எனக்கு மனதில்லை.'

கட்டாயத்தினாலல்ல. மனப்பூர்வமாய். சம்மதி. பத்திர எழுத்தர் வேகமாக வாசித்த அதே சொற்கள். வாசிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். சபையார் நான் கண்ணாடியைத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று மாலை அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். அவன் என்னைவிட வேதம் படித்தவன். "பவுல் மட்டும் என்னவாம்? அந்த லெட்டரப் பிலேமோன் வீட்டுல கூடுற சபைக்கும் சேத்துல்லா எழுதிருக்காரு. ஊரு கேக்க வாசிச்சா அவன் முடியாதுன்னு சொல்லுவானா? நீ கீழ்ப்படிவன்னு நம்புறேன்ங்காரு, நான் வாரேன் ரூம் போட்டு வைங்காரு. நம்ம சித்தப்பா மாதிரிதான் இதுவும்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. நெருக்கடி இல்லாத சித்தம் என்று ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தகப்பன், சபை, ஊர், பயம், பாசம் எல்லாம் பிடரியில் கை வைத்திருக்கும்போதுதான் நாம் எதையும் தெரிந்துகொள்கிறோம். ராத்திரி முழுக்க யோசித்ததில் எனக்கு ஒரு வித்தியாசம் தட்டுப்பட்டது. பவுல் நெருக்குவது எஜமானை. அடிமைக்காக நெருக்குகிறார். சித்தப்பா நெருக்கியது எங்களுக்காக அக்காவை. பவுல், அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். அதுவும் கையெழுத்துப் போட்ட பத்திரம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டவர் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

வேதத்தில் நீதி என்று வருகிற இடங்களை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கு முன்னால் வந்து எங்களுக்கும் சுதந்தரம் வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் தேவனிடம் போகிறான். அவர்கள் பேசுவது சரி என்று பதில் வருகிறது. அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால்தான் அந்தத் தீர்ப்பு என்று அண்ணன் உடனே சொல்வான். உண்மைதான். பின்னால் அதே எண்ணாகமத்தின் 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத்து ஆண்கள் வந்து, இவர்கள் வெளியே கட்டிப்போனால் நிலம் போய்விடுமே என்று முறையிட்டு, தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினதும் உண்மை. நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே இருக்கிறது.

சகேயு வேறு மாதிரி. எரிகோவில் காட்டத்தி மரத்தில் ஏறினவன். இயேசு அவனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக லூக்கா எழுதவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். அவனாகவே எழுந்து நின்று இரண்டு கணக்குச் சொல்கிறான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாகத் திரும்ப. முதலாவது ஈகை. இரண்டாவது கடன். அவன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. பிரசங்கங்களில் நாங்கள் முதல் கணக்கைத்தான் அதிகம் பேசுவோம். காணிக்கைக்கு அது தோது.

நான் குழப்பியிருந்தேன் என்பது அக்கா வீட்டில்தான் தெரிந்தது. ஆறு லட்சத்துக்குக் காசோலை எழுதிக்கொண்டு போனேன். மூன்று பங்காகப் போட்டால் அவளுக்கு 12 வரும். என் கையில் இருந்தது அதில் பாதி. பஸ்ஸில் போகும்போதே அவள் அழுவாள், வேண்டாம் என்பாள், நான் கட்டாயப்படுத்திக் கொடுப்பேன், ஒரு ஜெபம் செய்வோம் என்றெல்லாம் மனதில் ஓடியது. பழைய ஏற்பாட்டில் உற்சாகபலி என்று ஒன்று உண்டு, யாரும் கேட்காமல் மனதாகக் கொடுப்பது. நான் அதைக் கொண்டுபோவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் காசோலையை வாங்கினாள். கண்ணாடி போட்டு, எண்ணால் எழுதினதையும் எழுத்தால் எழுதினதையும் ஒருமுறை சரிபார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அலமாரியிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பென்சிலில் ஒரு கணக்கு ஏற்கெனவே இருந்தது. 36, அதன் கீழே 3, அதன் கீழே 12. ஓரத்தில் தேதி போட்டிருந்தாள். நாங்கள் விளையைக் கிரயம் முடித்த அதே வாரம்.

அந்த 12க்குக் கீழே 6 என்று எழுதிக் கோடு கிழித்து, கழித்து வந்த ஆறுக்குப் பக்கத்தில் 'அண்ணன்' என்று எழுதினாள்.

"அவன்ட்ட நீ சொல்லுதியா, நான் கேக்கட்டா?" என்றாள். நோட்டை மூடி வைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.